பதினான்கு பாகம் சங்கிலி

ஆடுகிற பொருளைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆடுகிற நாற்காலி, ஆடுகிற ஏணி, ஆடுகிற கேட், எதுவானாலும் கை அரிக்கும். விருந்துக்குப் போன வீட்டில் மேஜை ஆடினால் அட்டையை மடித்துக் காலுக்கு அண்டை கொடுக்காமல் ஒரு வாய் சோறு இறங்காது. என் மனைவி இதை வியாதி என்பாள். ஆழ்வார்குறிச்சியில் இருபத்திரண்டு வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற நான் இதைத் தொழில் சுத்தம் என்பேன்.

டிராக்டர் டிரெய்லர், பம்புசெட் ரூம் கதவு, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு என்று செய்துகொண்டிருந்த ஐயம்பெருமாளாகிய என்னை நாலு ஊருக்குத் தெரிய வைத்தது ஒரு தெப்பம். பக்கத்து ஊர்க் கோயிலில் மரத் தெப்பம் உளுத்துப் போய்விட்டது. இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் டிரம்களைப் பூட்டி நான் புதிதாக ஒன்று செய்து கொடுத்தேன். தெப்பத் திருவிழா அன்று நாலு கரையிலிருந்தும் வடத்தை விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். சாமி கழுத்தில் கிடந்த மாலைகூட அசையவில்லை. அன்றைக்கு எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தத் தெப்பத்தின் வீடியோ கை மாறிக் கை மாறிச் சூசைத்துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. திசையன்விளைக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய மீன்பிடி ஊர் அது. போன ஐப்பசியில் அங்கிருந்து சாலோமி என்ற பெண் மூன்று பஸ் மாறி என் பட்டறைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு வரைபடத்தைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"கடல்ல மிதக்க மீன் கூண்டு வேணும் அண்ணாச்சி. ஆறு மீட்டர் வட்டம். உங்க தெப்பம் மாதிரிதான். ஆனா நடுவுல சாமி இல்ல, மீனு."

பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த குழுவுக்கு அவள்தான் தலைவி. அரசுத் திட்டத்தில் வலையும் கொடுவா மீன் குஞ்சும் கிடைக்கும். கூண்டை அவர்களே செய்துகொள்ள வேண்டும். மிதக்கிற இரும்பு வட்டத்தில் வலையைத் தொங்கவிட்டு, அதற்குள் மீனை வளர்த்து, எட்டு ஒன்பது மாதத்தில் எடுப்பார்கள். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

"ஒரு விசயம் சொல்லிருதேன்," என்றாள். "எங்க ஊர்ல பொம்பளைக கடலுக்குப் போற வழக்கம் கெடையாது. ஊர்க் கமிட்டில நின்னு சண்டை போட்டு ஒரு வருசத்துக்குத்தான் கடல்ல இடம் வாங்கியிருக்கேன். கூண்டு நின்னு மீனு வளந்துட்டா இடம் எங்களுக்கு. ஒரு கோளாறு வந்தாலும் கூண்டைக் கரைல இழுத்துப் போட்டுருவாவ. அப்புறம் மறுபடி மீன் கூடையத் தலைல தூக்கிட்டுத் தெருத்தெருவாப் போக வேண்டியதுதான். அதனால பாத்துச் செய்யுங்க."

பாத்துச் செய்யுங்க என்று என்னிடமே சொல்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அட்வான்ஸ் கேட்காமலே வேலையை ஒத்துக்கொண்டேன். அவள் பேச்சில் ஒரு நிமிர்வு இருந்தது.

முதல் சண்டை பாரத்தில் வந்தது. வலையின் அடி விளிம்பில் ஒரு வளையம் கட்டித் தொங்கவிடுவார்கள். அதன் கனத்தில்தான் வலை விரிந்து நிற்கும். வரைபடத்தில் மெல்லிய குழாயில் மணல் அடைக்கச் சொல்லியிருந்தது. சாலோமி அதெல்லாம் போதாது, இரண்டு இஞ்சு குழாயில் சிமெண்ட் கலவை போடுங்க என்றாள்.

"பாரம் கூடுனா மேல டிரம் முங்கும், தங்கச்சி."

"அப்ப ரெண்டு டிரம் கூட வையுங்க. எங்க கடல்ல நீவாடு பலம், அண்ணாச்சி. நீவாடுன்னா தண்ணியோட்டம். அடியில பாரம் இல்லன்னா வலையத் தூக்கிச் சுருட்டிரும். மீனு எல்லாம் ஒரு மூலைல நெரிஞ்சு செத்துரும். காத்துல பாவாடைய அமுக்கிப் பிடிக்க பொம்பளைக்குத் தெரியாதாக்கும்?"

எட்டு டிரம்முக்குப் பத்து டிரம் வைத்தேன். எங்கள் ஊர்க் குளத்தில் இறக்கிச் சோதித்துப் பார்த்த அன்று பாதி ஊர் கரையில் நின்றது. எந்தக் கோயில் தெப்பம் அண்ணாச்சி என்று ஏழெட்டுப் பேராவது கேட்டிருப்பார்கள். பத்து டிரம்மும் ஒரே மட்டத்தில், பாதி முழுகி, அழகாக நின்றது. அவள் கணக்கு சரியாக இருந்தது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

தை மாதம் கூண்டைக் கடலில் இறக்கினோம். நாலு திசையிலும் கல் நிரப்பிய கம்பிப் பெட்டிகளைக் கடலடியில் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சங்கிலி கூண்டுக்கு வந்தது. அந்தச் சங்கிலியைச் சாலோமி கடற்கரையில் ஊரே பார்க்க அளந்தாள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கூண்டு நிற்கிற இடத்தில் ஆழம் நாலரை பாகம். அவள் அளந்து வெட்டச் சொன்னது பதினான்கு.

"நாலரைக்கு எதுக்கு பதினாலு?" என்றேன்.

"கடல் ஏறும், இறங்கும். அலை தூக்கும். சங்கிலி பாதி தரைல படுத்துக் கெடந்தாத்தான் அந்த இழுப்ப எல்லாம் அது வாங்கும், கூண்டு மேல நிக்கும்."

காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. கூண்டைக் கட்டி முடித்துப் பார்த்தால் அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. காற்றுக்கு இந்தப் பக்கம் நகர்ந்தது, நீவாட்டுக்கு அந்தப் பக்கம் நகர்ந்தது. முளையில் கட்டிய மாடு மேய்வதைப்போல ஒரு வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குக் கை அரித்தது. ஆனால் என் வேலை கூண்டு செய்வதோடு முடிந்தது என்று வாயை மூடிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. குழுவில் சின்னவளான ரெனிஷா வள்ளத்தின் எஞ்சினை ஓட்டக் கற்றுக்கொண்டாள். பெண்கள் தினமும் இரண்டு வேளை போய்த் தீவனம் போட்டார்கள். மீன் உள்ளங்கை நீளம் ஆயிற்று என்று படம் அனுப்பினார்கள். சித்திரை பிறந்ததும் இன்னொரு படம் வந்தது. கூண்டின் கைப்பிடிக் குழாயில் ஒரு விரிசல். என் வெல்டிங்கில் விரிசல்!

இருபத்திரண்டு வருடத்தில் என் வெல்டிங் விட்டது கிடையாது. அன்றைக்கே போய் அந்தக் குழாயைக் கழற்றி எடுத்துவந்தேன். பட்டறையில் வைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெல்டிங்கில் குறை இல்லை, ஆட்டத்தில்தான் குறை என்று முடிவு கட்டினேன். ஓயாமல் ஆடினால் எந்த இரும்புதான் தாங்கும்? ஆட்டத்தை நிறுத்தினால் விரிசல் வராது. இது எனக்குப் பட்டப்பகல் போலத் தெளிவாகத் தெரிந்தது.

குழாயைச் சரிசெய்து நான் திரும்பிப் போன நாள் சூசையப்பர் திருவிழாவின் கடைசி நாள். அந்த ஊரில் திருவிழாவின் கடைசி இரண்டு நாள் யாரும் கடலில் கால் வைக்கமாட்டார்கள். வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. ஊர் முழுக்கச் சப்பரத்தின் பின்னால் போய்விட்டது. சாலோமிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் திருவிழா முடியட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். சும்மா உட்கார என்னால் ஆகாது. பக்கத்து ஊரில் ஒரு வள்ளத்தை அமர்த்தி, என் மச்சினன் இசக்கிமுருகனையும் கூட்டிக்கொண்டு கூண்டுக்குப் போனேன்.

கைப்பிடியை மாட்டினேன். அதோடு வந்திருக்கலாம். வரவில்லை.

நாலு சங்கிலியையும் ஒவ்வொன்றாகக் கையால் இழுத்து, தொய்வு இல்லாமல் ஆக்கி, இறுகிய இடத்துக் கண்ணியை ஒரு கொக்கி வளையத்தால் கூண்டோடு சேர்த்துப் பூட்டினேன். சங்கிலியின் நுனி பழைய இடத்திலேயே இருக்க, மிச்சம் தண்ணீருக்குள் மாலையாகத் தொங்கியது. பூட்டிய போல்ட்டின் தலையைச் சுத்தியலால் அடித்துப் பரத்திவிட்டேன். எங்கள் பக்கம் பம்புசெட் கதவின் நட்டைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். போல்ட்டைப் பூட்டினால் தலையைச் சப்பையாக்காமல் என் கை ஓயாது.

"இம்புட்டு இறுக்கமா கட்டுதீரே," என்றார் வள்ளக்காரர்.

"உமக்கு வள்ளம் ஓட்டத்தான் கூலி," என்றேன்.

கூண்டு ஆணி அடித்ததுபோல நின்றது. திரும்பி வரும்போது நான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இசக்கி மட்டும், "அந்த அக்காட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் அத்தான்," என்றான். ஏலே, தெப்பம் செஞ்சது அந்த அக்காவா நானா என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன். சாலோமியிடம் கைப்பிடி மாட்டிவிட்டேன் என்று மட்டும் செய்தி அனுப்பினேன். அடுத்த நாலு நாளும் கடல் அசையாமல் கிடந்ததால், தீவனம் போடப் போன பெண்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் பௌர்ணமி. காலை ஆறு மணிக்கு ரெனிஷா கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, கூண்டு முங்குது! கடல்பக்கம் மூணு டிரம் தண்ணிக்குள்ள போயிட்டு. அக்கா உங்கள உடனே வரச் சொல்லுதாவ."

இசக்கியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கை விரட்டினேன். சூசைத்துறைக்குப் போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. காற்று பெரிதாக இல்லை. ஆனால் கடல் எங்கிருந்தோ பொங்கி வந்து வள்ளங்கள் நிற்கிற மேடுவரை ஏறியிருந்தது. தூரத்தில் என் கூண்டு தெரிந்தது. கரைப்பக்கம் தூக்கியும் கடல்பக்கம் தாழ்ந்தும் சாய்ந்து கிடந்தது. ஒவ்வொரு பெரிய அலைக்கும் அந்தப் பக்கத்துக் கைப்பிடி முழுகி, வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தது. அதைப் பார்த்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் மேலே ஏறுகிறது, கூண்டை ஏறவிடாமல் சங்கிலி பிடித்துக்கொண்டிருக்கிறது. குளத்துத் தண்ணீர் ஏறி இறங்காது. கடல் ஏறும், இறங்கும். அவள் எனக்குத் தமிழில்தான் சொல்லியிருந்தாள்.

கரையில் ஊர்க் கமிட்டித் தலைவர் சிலுவை நின்றார். அறுபது வயது, இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். அவரைச் சுற்றி ஆண்கள். எதிரே சாலோமியும் அவளுடைய பெண்களும்.

"பாரம் கூடிட்டு," என்றார் சிலுவை. "சங்கிலி பதினாலு பாகம், நாங்க எல்லாரும் பாக்க அளந்தது. அதுல குத்தம் இல்ல. படத்துல போட்டதுக்கு மேல சிமெண்ட அள்ளிக் கொட்டுனா முங்காம என்ன செய்யும்? ரெண்டு பேர் முங்கிப் போயி பாரவளையத்த அறுத்து விடுங்க. மிதந்துரும். கடல் அடங்குனதும் இழுத்துக் கரைல போட்டுருவோம். பொம்பளைக வெளையாடுனது போதும்."

"பாரத்த அறுத்தா வலை சுருண்டுரும்," என்றாள் சாலோமி. "ஆயிரத்தைநூறு மீனும் அரை மணி நேரத்துல செத்துரும். பாரம் சரிதான். மூணு மாசமா நின்னுச்சுல்லா?"

"அப்ப இப்ப ஏன் முங்குது? நீயே சொல்லு."

கடலைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள். பிறகு தன் பெண்கள் பக்கம் திரும்பி, "நாந்தான் கூடப் போடச் சொன்னேன்," என்று மெல்லச் சொன்னாள். "நாந்தான் கணக்குத் தப்பிட்டேனோ என்னவோ."

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்களே, அது என் கண் முன்னால் நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம் என் பெயர்தான். இந்தக் கூண்டு நின்றால் கடற்கரை நெடுக இன்னும் எட்டுக் கூண்டு செய்ய வேண்டியிருக்கும் என்று திட்ட அதிகாரி சொல்லியிருந்தார். நான் கட்டியதை எனக்கும் இசக்கிக்கும் அந்த வள்ளக்காரருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. பாரத்தை அறுத்ததும் கூண்டைப் பிரித்துவிடுவார்கள். சங்கிலியை யாரும் பார்க்கப்போவதில்லை. பெண் பிள்ளை அளவு தப்பிவிட்டது என்று பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு ஆட்கள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வள்ளத்தைத் தள்ளப் போனார்கள். இசக்கி என்னைப் பார்த்தான். பன்னிரண்டு பெண்களும் மணலில் நின்றுகொண்டிருந்தார்கள். ரெனிஷா வாயில் முந்தானையை வைத்து அழுதுகொண்டிருந்தாள். மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து கடலுக்குப் போன பெண் அவள்.

"அறுக்காதிய!" என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பாரம் சரியாத்தான் இருக்கு. சங்கிலிய நான் இறுக்கிட்டேன்."

எல்லாரும் திரும்பினார்கள். சொன்னேன். தொய்வை எடுத்தது, இடையில் பூட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னைக்குவே கட்டுனீரு?" என்றார் சிலுவை.

"திருவிழாக் கடைசி நாள்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. சங்கிலியை இறுக்கியதற்குக்கூட அவர்களுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. "சூசையப்பர் சப்பரத்துல இருக்கையில கடல்ல எறங்குனீராவே?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். சிலுவை கையை நீட்டித் தடுத்தார்.

சாலோமி என் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா, அண்ணாச்சி," என்றாள். அடுத்த மூச்சிலேயே, "பூட்டக் கழத்தினா போதும். சங்கிலி தானா நீண்டுக்கிடும். என்ன போல்ட்டு அது?"

"கழட்ட முடியாது தங்கச்சி. தலைய அடிச்சுப் பரத்திட்டேன். ரம்பம் வச்சு அறுக்கத்தான் செய்யணும்."

"உம்மள வச்சு அறுத்தாத் தேவல," என்றார் சிலுவை. "ரம்பத்த எடும். நீரே வாரும். நானும் வாரேன்."

எனக்கு நீச்சல் தெரியாது. கடனா நதியில் இடுப்பளவு தண்ணீரில் குளித்து வளர்ந்தவன். ஒரு மிதவைச் சட்டையை மாட்டி என்னை வள்ளத்தில் தூக்கிப் போட்டார்கள். சாலோமியும் ஏறிக்கொள்ள, ரெனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு எஞ்சினைப் பிடித்தாள். முதல் அலையில் வள்ளம் நெட்டுக்குத்தாக எழுந்தபோது இசக்கி கரையிலிருந்து சாமியைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. இரண்டாவது அலையில் வாந்தி எடுத்தேன். சிலுவை என் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். அன்பால் பிடித்தாரா, எங்கும் ஓடிவிடாமல் இருக்கப் பிடித்தாரா, இன்றைக்கும் தெரியாது.

கூண்டை நெருங்கியதும் சிலுவை குனிந்து கடல்பக்கத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். கையை உடனே எடுத்துவிட்டார். "கம்பியாட்டுல்லா நிக்கி," என்றார். மீன்கள் எல்லாம் கரைப்பக்கமாக ஒதுங்கித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தன. சாலோமி கூண்டின் நடைபாதையில் தாவி ஏறி, என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் மண்டி போட்டுத் தவழ்ந்துதான் போனேன்.

போல்ட் நீர்மட்டத்தில் இருந்தது. ரம்பத்தை வைத்து இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் அலை வந்து தலைக்கு மேல் போயிற்று. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி வைத்தேன். சங்கிலி இறுகிய நேரத்தில் ரம்பம் கவ்விக்கொண்டது. பிளேடு படீரென்று உடைந்தது. கையில் இருந்தது இன்னும் மூன்று.

"பைய, பைய," என்றாள் சாலோமி. அவள் என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அலை தூக்கையில சங்கிலி இறுகும். எறங்கையில தொய்யும். நான் சொல்லுத நேரம் மட்டும் அறுங்க. இப்ப வேண்டாம்... வேண்டாம்... எறங்குது, அறுங்க!"

நாலு இழுப்பு.

"நிறுத்துங்க! பெருசா ஒண்ணு வருது, மூச்சப் பிடிங்க!"

மூச்சைப் பிடித்தேன். அலை போயிற்று. "அறுங்க!" என்றாள். இப்படி எத்தனை முறை என்று தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் குரலுக்கு மட்டும் ரம்பத்தை இழுத்தேன். என் வாழ்க்கையில் இன்னொருவர் சொல்லுக்கு நான் வேலை செய்தது அதுதான் முதல் தடவை. ஒரு கட்டத்தில் அறு, நிறுத்து என்று அவளோடு சேர்ந்து சிலுவையும் சொல்ல ஆரம்பித்தார். பிறகு அவர் நிறுத்திக்கொண்டார். அவள் ஒரு தடவையும் தப்பாகச் சொல்லவில்லை.

போல்ட் தெறித்தது. சங்கிலி சரசரவென்று தண்ணீருக்குள் ஓடியது. அடுத்த அலை வந்தபோது எங்கள் காலுக்குக் கீழே கூண்டு ஒரு மூச்சு விட்டதுபோல எழுந்தது. முழுகிக் கிடந்த டிரம் ஒன்று பளபளவென்று வெளியே வந்தது. ரெனிஷா வள்ளத்தில் எழுந்து நின்று கத்தினாள். இரண்டாவது போல்ட்டை அறுத்ததும் மூன்று டிரம்களும் வெளியே வந்துவிட்டன. கரைப்பக்கத்து இரண்டும் பெரிய பாடு படுத்தவில்லை. கூண்டு அலைக்கு ஏறி, அலையோடு இறங்கி, நீவாட்டுக்கு மெல்ல நகர்ந்து போய் நின்றது. அது ஆட ஆட எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுகை வந்துவிட்டது. கடல் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டேன்.

சிலுவை முகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நீவாடு அப்போதும் வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தலையை வெளியே எடுத்து, முகத்தை வழித்துவிட்டு, "வலை நட்டுக்க நிக்கி," என்றார். "ஒரு சுருக்கு இல்ல. படத்துல உள்ள பாரம்னா இந்நேரம் மேல வந்திருக்கும்." யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சாலோமி கேட்டாள், அது போதும்.

அறுபது எழுபது மீன் கைப்பிடிக்கு மேலாகத் தப்பிப் போயிருக்கும். மற்றவை இருந்தன. சாலோமி ஒரு கை தீவனத்தை விசிறினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீர் கொதிப்பதுபோல மீன்கள் மேலே வந்தன.

கரைக்கு வந்ததும் என் விசாரணை நடந்தது. திருவிழா அன்று கடலில் இறங்கியதற்குத் தெண்டம் உண்டு என்றார்கள். சிலுவை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அடுத்த வருசம் கடைசி ரெண்டு நாளும் நீரு இங்கன வந்து இருக்கணும். சுத்தியல், ரம்பம் ஒண்ணும் கொண்டாரப்படாது. சும்மா இருக்கணும்." எல்லாரும் சிரித்தார்கள். இசக்கிதான் அதிகமாகச் சிரித்தான். காசாகக் கேட்டிருந்தால் எனக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும்.

சாலோமி சிரிக்கவில்லை. ஈரச் சேலையோடு நின்று, "எனக்கு என்ன தீர்ப்பு?" என்று கேட்டாள். "கோளாறு வந்தா இழுத்துப் போட்டுருவோம்னு சொன்னியளே. கோளாறு வந்துட்டு."

சிலுவை மற்ற கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். ஒருவர் மணலைப் பார்த்தார். இன்னொருவர், கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவர், கத்தியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

"கோளாறு ஆழ்வார்குறிச்சிலேந்துல்லா வந்துச்சு," என்றார் சிலுவை. "உங்கிட்டேந்து வரலயே. இடம் உங்களுக்குத்தான். இன்னொரு கூண்டு போடுதுக்கும் வடக்க இடம் கெடக்கு. என் மருமவ மார்கரெட்டும் ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டே கெடக்கா."

பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். சாலோமி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டாள்.

"எழுதிக்கிடுங்க, அண்ணாச்சி. ரெண்டாவது கூண்டு."

என்னை மறுபடி வேலைக்கு வைப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. பையில் இருந்த சாக்குக்கட்டியை எடுத்து, எழுத வேறு இடம் இல்லாமல், சிலுவையின் வள்ளத்தில் வெயில் பட்டு உலர்ந்திருந்த பக்கத்தில் எழுதினேன். குழாய் இரண்டு இஞ்சு, உள்ளே சிமெண்ட். டிரம் பத்து.

"சங்கிலி?"

"வடக்கயும் அதே ஆழந்தான். பதினாலு பாகம். ஒரு கண்ணி குறையப்படாது," என்றாள்.

எழுதினேன். பின்னால் நின்ற சிலுவை தொண்டையைச் செருமினார்.

"பதினஞ்சா வையேன், தாயி," என்றார். "இன்னைக்கு ஏறுன ஏத்தத்தப் பாத்தேல்லா?"

அவள் கடல் பக்கம் திரும்பி, வள்ளங்களைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

"சரி மாமா," என்றாள். "பதினஞ்சு."

நான் நாலை அழித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன்.